படுக்கத் தெரிந்த டவர்

என் வெல்டிங் பட்டறைக்குப் புது போர்டு மாட்டிய நாள். பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தோம். ஊரே அண்ணாந்து பார்த்து, ஜோராக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா வண்டியை ஓரம்கட்டி இறங்கி வந்தார். அவர் போர்டைப் பார்த்த நேரம் கொஞ்சம். அதற்கு நேர் கீழே தரையைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

“ஏம்பா, இது விழுந்தா எங்க விழும்?”

நல்ல நாளும் அதுவுமாய்க் கேட்கிற கேள்வியா இது? என் மனைவி கேசரித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“அதெல்லாம் விழாதுங்க நர்ஸம்மா. நாலு போல்ட் போட்டு டைட் பண்ணியிருக்கேன்.”

“விழும்னு நான் சொல்லல. விழுந்தா எங்க விழும்னு கேட்டேன்.”

போர்டுக்கு நேர் கீழே, வேலை கொடுக்க வருகிறவர்கள் உட்காருவதற்காக நான் போட்டிருந்த பெஞ்சு இருந்தது. நர்ஸம்மா கேசரியை வாங்கித் தின்றார், நெய் கொஞ்சம் தூக்கல் என்று என் மனைவியிடம் சொன்னார், போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பெஞ்சை நாலடி தள்ளிப் போட்டேன்.

மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே துணை சுகாதார நிலையத்தில் இருபது வருடத்துக்கு மேல் அவர்தான் நர்ஸ். சொந்த ஊர் உள்ளே தள்ளி, பிரம்மதேசம். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள் ஓசூரில். உப்பளத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு தனியாக இருந்தார். ரிட்டயர் ஆனபிறகு இப்போது மகளோடு இருக்கிறார். அவருக்கென்று ஒரு பெயர் ரிஜிஸ்டரில் இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவே இல்லை.

எங்கே போனாலும் அந்த ஒரே கேள்விதான். கல்யாண வீட்டில் மணமேடைக்கு மேலே பெரிய சரவிளக்கு தொங்கவிட்டிருந்தால், எல்லாரும் பெண்ணின் நகையைப் பார்ப்பார்கள், இவர் கொக்கியைப் பார்ப்பார். ஒருமுறை முகூர்த்தத்துக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது மாப்பிள்ளை, பெண் இரண்டு பேரையும் எழுப்பி, மணையை ஒரு முழம் தள்ளிப் போட வைத்தார். ஐயர் முறைத்தார். பெண்ணைப் பெற்றவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதே விட்டாள். தென்னை மரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருப்பவனைத் தட்டி எழுப்புவார். ஏணியில் நிற்பவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றாலும் அவன் இறங்கும்வரை காத்திருந்துதான் சொல்வார்.

“அந்தம்மா வாய்ல நல்ல வார்த்தையே வராதாடா?” என்று ஊரில் பலரும் கேட்டார்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நேரே அங்கேதான் ஓடுவோம்.

பிறகு யோசித்துப் பார்த்தால் புரிகிறது. எங்களுக்குச் சுவர் என்றால் சுவர், மரம் என்றால் மரம். அவருக்கு ஒவ்வொன்றும் எவன் தலையிலோ போட்ட தையல். அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு முதலில் அவரிடம்தானே போகிறோம். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே அவர் கேட்பது, எப்படி விழுந்தது என்றல்ல, எங்கே விழுந்தது என்றுதான்.

என் விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போனால் நான் மனுஷனே இல்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தண்ணீர் டேங்க் வைக்க ஸ்டாண்டு செய்து கொடுத்தேன். ரெட் ஆக்ஸைடு அடித்து, மேலே சில்வர் பெயின்ட் அடித்து, கல்யாண மாப்பிள்ளைபோல் நிறுத்தினேன். மூன்றாவது வருடம் அடி போல்ட்டுகளை உப்பு தின்றுவிட்டது. டேங்க் தண்ணீரோடு சாய்ந்தது. கீழே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அக்காவின் பாதம் நசுங்கிப் போயிற்று. நர்ஸம்மாதான் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்த அக்கா இன்றும் விந்தி விந்தித்தான் நடக்கிறாள்.

யார் செய்த ஸ்டாண்டு என்று நர்ஸம்மா யாரிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே நான் பட்டறையில் சாத்தி வைத்திருக்கும் கேட்டுக்குப் பின்னால் போய்க் குனிந்து எதையோ தேய்ப்பதுபோல் நிற்பேன். ரெண்டு மாதம் அப்படி ஓடி ஒளிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் காலையில் பட்டறைக்கே வந்து நின்றார். கையில் சுருட்டிய படம் ஒன்று.

“ஒரு டவர் வேணும்ப்பா. செய்வியா?”

அவர் எதற்கு டவர் கேட்கிறார் என்பது கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய ஒரு புயலில் செல்போன் டவர்கள் எல்லாம் செத்துப் போயின. குப்பத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகி, ரத்தம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். நர்ஸம்மா அந்த வீட்டு மாடியில் ஏறி நின்று, போனைக் காதில் வைத்தபடி விடிந்ததிலிருந்து உச்சி வெயில்வரை ஹலோ ஹலோ என்று கத்தியிருக்கிறார். ஒரு பதிலும் இல்லை. மத்தியானம் அந்தப் பெண் போய்விட்டாள். பிள்ளை மட்டும் தங்கியது. நர்ஸம்மா அழவில்லை என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். போனைக் கீழே வைக்க மறந்து கையில் பிடித்தபடியே வீடு வந்து சேர்ந்தாராம்.

அடுத்த மாதம் சென்னைக்குப் போய் ஒரு பரீட்சை எழுதினார். ஹாம் ரேடியோவாம். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, வீட்டிலேயே வயர்லெஸ் வைத்துக்கொண்டு, உலகத்தில் எவன் கிடைக்கிறானோ அவனோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்களாம். போன் கம்பெனி வேண்டாம், டவர்காரன் வேண்டாம், ஒரு கார் பேட்டரி போதும். ஐம்பது வயதுக்கு மேல் இந்தம்மாவுக்கு ஏன் இந்த வேலை என்று நாங்கள் சிரித்தோம். முதலில் ரெண்டு தென்னைமரத்துக்கு நடுவே ஒரு கம்பியைக் கட்டிக்கொண்டு பேசிப் பார்த்தார். பாண்டிச்சேரி கேட்டது, கடலூர் கேட்டது. அடுத்து ஒரு பெருங்காற்று வந்தபோது அந்த ஊர்க்காரர்கள் வீட்டிலும் கரண்ட் இல்லை, கம்பியும் இல்லை.

“புயல் அடிச்சா இந்தப் பக்கம் எல்லாருக்கும்தான அடிக்குது?” என்றார் என்னிடம். “புயல் இல்லாத ஊர் வரைக்கும் என் குரல் போவணும். அதுக்குப் பெரிய ஆண்டெனா. அதத் தூக்கிப் புடிக்க டவர். மழைக்கு முன்னாடி நிக்கணும்.”

படத்தைப் பிரித்தார். பழைய காலத்து டிவி ஆண்டெனா ஞாபகம் இருக்கிறதல்லவா, அதையே ஒரு ராட்சதன் வீட்டு மொட்டைமாடிக்குச் செய்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு குழாயும் என் பட்டறையைவிட நீளம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட், கிரில், பாத்திர ஸ்டாண்டு என்று பிழைத்துக்கொண்டிருப்பவனுக்கு டவர்! உடனே சாக்பீஸை எடுத்துத் தரையில் வரைந்தேன். எண்பதடி. நாலு பக்கமும் ஆங்கிள், குறுக்கே பின்னல். ஈ.சி.ஆர். ரோட்டில் போகிற பஸ்காரன் எல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டும், யாருப்பா செய்தது என்று கேட்க வேண்டும். எனக்கும் ஒரு பேர் வேண்டாமா?

நர்ஸம்மா என் சாக்பீஸ் டவரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

“எண்பதடி. சரி. விழுந்தா எண்பதடிக்கு விழும். என் வீட்ட சுத்தி எண்பதடில என்னென்னா இருக்குதுன்னு பாத்துட்டு வா.”

போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆட்டுக் கொட்டகை. ஒரு பக்கம் கரண்ட் கம்பி. இன்னொரு பக்கம் அவருடைய சமையலறை. உப்பளத்துக்குப் பெண்கள் கூடையோடு போகிற வழி வேறு குறுக்கே ஓடியது. எண்பதடியை நானே அழித்தேன்.

அப்புறம் ஒரு மாதம் என் உயிரை வாங்கினார். பஞ்சாயத்து வாட்டர் டேங்க் மேலேயே வைத்துவிடலாமே என்றேன். “கீழ ஸ்கூல் கேட்டு இருக்குது.” கொத்தனார் மேஸ்திரி எங்கள் கூட்டாளி, அவர் நல்ல வைரம் பாய்ந்த பனைமரம் ஒன்றைக் காட்டினார். நர்ஸம்மா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, “மேல ஏறப்போறது நீயா மேஸ்திரி?” என்றார். மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். பாண்டிச்சேரியில் பழைய இரும்புக் கடையில் கழற்றிப் போட்ட டவர் ஒன்று கிடந்தது. ஆசை ஆசையாக அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டிச் சாவியால் அந்த டவரின் காலில் ரெண்டு தட்டுத் தட்டினார். அப்பளம் அகலத்துக்குத் துரு பெயர்ந்து விழுந்தது. ஒற்றைக் குழாயை நிறுத்தி மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டலாம், மலிவு, லேசு என்றேன்.

“தலைல சுமையோட வர்றவங்களுக்கு கம்பி கண்ணுல படாதுப்பா. கழுத்துல படும்.”

எனக்கு வந்ததே கோபம்! சாக்பீஸைத் தூக்கி எறிந்தேன்.

“அப்போ டவரே வேணாம்னு சொல்லிட்டுப் போங்க நர்ஸம்மா! விழாத டவர நான் எங்க போய்த் தேடுறது?”

“விழாத டவர் யார் கேட்டா? புயல் வருதுன்னு தெரிஞ்சா படகெல்லாம் தண்ணிலயா உட்டு வைக்கிறாங்க? இழுத்து மேட்டுல போட்டுடறாங்க இல்ல? அந்த மாதிரி படுக்கத் தெரிஞ்ச டவரு ஒண்ணு செய்யி. அது எந்தப் பக்கம் சாயும், எப்ப சாயும்னு நாமதான் சொல்லணும். அதுவா முடிவு பண்ணக்கூடாது.”

படுக்கிற டவரா? ஊர் கைகொட்டிச் சிரிக்குமே என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். சாப்பிடும்போதுகூட அதே நினைப்பு. அடியில் கதவுக்குப் போடுகிற மாதிரி கீல் வைக்க வேண்டும். கீல் என்றால் சும்மா கீல் இல்லை, என் மணிக்கட்டுத் தடிமனில் பின். பக்கத்தில் ஒரு குட்டைத் தூண். அதில், படகைக் கரையேற்றக் கையால் சுற்றுவார்களே, அந்த வின்ச். ரெண்டு பேர் சுற்றினால் டவர் மெதுவாகச் சாய வேண்டும், திருப்பிச் சுற்றினால் எழுந்து நிற்க வேண்டும். தீக்குச்சியில் செய்து பார்த்தேன். சோறு காய்ந்து போயிற்று. என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

உயரம் நாற்பதடி என்று முடிவாயிற்று. நர்ஸம்மா முளை அடித்து, அதில் கயிறு கட்டி, அந்த நீளத்துக்குத் தரையில் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டார். வட்டத்துக்குள் ஆட்டுக் கொட்டகையின் ஒரு மூலை வந்தது. முளையைப் பிடுங்கி ஆறடி தள்ளி அடித்து, மறுபடி வட்டம் போட்டார். டவர் கிழக்கே, அவர் வீட்டுப் பின்பக்கத்துப் பொட்டலில் சாய வேண்டும் என்று அம்புக்குறியும் போட்டார். பெயின்ட் அடிக்கிறேன் என்று நான் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. ஓட்டை போடுவது, வெல்டிங் செய்வது எல்லாம் முடிந்தபிறகு மொத்தத்தையும் சென்னைக்கு அனுப்பி, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்து வரச் செய்தார். இந்த உப்புக்காற்றில் அதுதான் நிற்குமாம்.

டவர் வந்திறங்கியது. இனி அஸ்திவாரம். இங்கேதான் நான் மறுபடியும் மாட்டிக்கொண்டேன்.

கான்கிரீட்டுக்குத் தண்ணீர் பிரம்மதேசம் பக்கத்திலிருந்து டேங்கரில் வரும், அதுவரை கலவை போடாதே என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அன்றைக்கு அவருக்குத் தடுப்பூசி முகாம். டேங்கர் பதினோரு மணியாகியும் வரவில்லை. மேஸ்திரியும் ஆட்களும் சும்மா உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் பட்டறை போரில் தண்ணீர் இருக்கிறது. நான் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன். தித்திப்பு. மேஸ்திரியும் குடித்துப் பார்த்தார். “நல்ல தண்ணிதான்பா, போடு” என்றார். போட்டோம். போல்ட்டுகளை நிறுத்தி, மட்டம் பார்த்து, மேலே பூசியும் ஆயிற்று.

சாயங்காலம் வந்தார். மீந்துபோன வாளித் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். தூவென்று துப்பினார்.

“உப்பு.”

“ஐயோ, நர்ஸம்மா! நாங்க ரெண்டு பேரும் குடிச்சுப் பாத்துட்டுத்தான போட்டோம்!”

உப்பளத்திலிருந்து வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தவர்களை எல்லாம் நிறுத்தினேன். ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தேன். ஏழெட்டுப் பேர் குடித்தார்கள். ஒருத்தர் விடாமல் நல்ல தண்ணீர் என்றார்கள். நான் நர்ஸம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அவர் சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் தன் வீட்டுக் கூரைத் தகரத்தின் மேல் ரெண்டு எவர்சில்வர் தட்டை வைத்தார். ஒன்றில் என் போர் தண்ணீர். இன்னொன்றில் பிரம்மதேசத்துத் தண்ணீர். அவ்வளவுதான், வேலைக்குப் போய்விட்டார். நல்ல வெயில். மூன்று மணிக்கு எல்லாரையும் கூப்பிட்டுத் தட்டை இறக்கிக் காட்டினார். பிரம்மதேசத்துத் தட்டில் லேசாக ஒரு படலம். என் தட்டில் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது.

கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் காயவைத்து, உப்பு எடுத்துப் பிழைக்கிற ஜனம் நாங்கள். எங்கள் தொழிலையே எவர்சில்வர் தட்டில் வைத்து எங்களுக்குக் காட்டிவிட்டார். மேஸ்திரி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “இத்தன நாளா இதயா குடிச்சிக்கிட்டு இருக்கோம்?” என்றார். பிறந்ததிலிருந்து குடிப்பதால் எங்கள் நாக்குக்கு அது தெரியவில்லை. அந்த உப்பு கான்கிரீட்டுக்குள் உட்கார்ந்து போல்ட்டைத் தின்றிருக்கும். டேங்க் ஸ்டாண்டுக்கும் நான் போட்டது அதே போர் தண்ணீர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் நானே சம்மட்டி எடுத்து உடைத்தேன். நர்ஸம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, மனதில் கிடந்து அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

“திண்டிவனத்துல எத்தன பட்டற இருக்குது. என்கிட்ட ஏன் வந்தீங்க? ஸ்டாண்டு செஞ்சது நான்தான்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?”

“தெரியும். அதுக்குத்தான் வந்தேன். நீ ஒரு தடவ விழுந்ததப் பாத்தவன். பாக்காதவன்கிட்ட குடுக்க எனக்கு பயம்ப்பா.”

நான் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு மறுபடி சம்மட்டியை எடுத்தேன். வியர்வை என்று அவர் நினைத்திருப்பார். நினைத்திருக்கமாட்டார்.

ஐப்பசி பிறக்கும் முன் டவர் நின்றது. ராட்சத ஆண்டெனா மேலே ஏறியது. நர்ஸம்மா வீட்டிலிருந்து ஹிந்தியும் இங்கிலீஷும் கொரகொரவென்று கேட்க ஆரம்பித்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நாற்பதடிதான், ஆனாலும் நான் தினம் ஒரு தடவை அந்த வழியாக வேலையே இல்லாமல் போய்வந்தேன்.

கார்த்திகையில் புயல் என்று சொன்னார்கள். கரை கடக்கும் நாளன்று மத்தியானமே நர்ஸம்மா ஆள் அனுப்பினார். நானும் மேஸ்திரியும் போய் வின்ச்சைச் சுற்றினோம். டவர் கிழக்கே, அம்புக்குறி போட்ட பக்கமே, மெல்லப் படுத்தது. ஆண்டெனாவைக் கழற்றிக் கட்டி வைத்தோம். வேடிக்கை பார்த்த கூட்டத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “என்னா வெல்டரே, காத்து வர்றதுக்கு முன்னாடியே உன் டவரு படுத்துடுச்சு?” என்று ஒருத்தன் கேட்டான். பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. கீலுக்கு இன்னொரு கை கிரீஸ் தடவினேன்.

புயல் போட்ட ஆட்டத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தபோது ஓடுகள் பறந்திருந்தன, மரங்கள் கிடந்தன, ரோட்டைத் தாண்டித் தண்ணீர் ஓடியது. போன் இல்லை. ஒரு செல்லிலும் ஒரு கோடுகூட இல்லை. என் வீட்டில் தம்பி பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம், நாள் இன்னும் பத்து இருந்தது. தம்பி சென்னையில் டிரைவர், வர வழியில்லை. நர்ஸம்மா முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் செய்தால்தான் உண்டு என்றார். மரக்காணத்துக்குப் பைக்கில் போனவன் ரெண்டு இடத்தில் விழுந்து கிடந்த மரத்தையும், ரோட்டில் ஓடிய தண்ணீரையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

“டவர எழுப்பு” என்றார் என்னிடம்.

நானும் மேஸ்திரியும் இன்னும் ஆறு பேரும் ஓடினோம். காற்று முழுக்க அடங்கவில்லை. ஆண்டெனாவைப் பூட்டும்போது போல்ட் ரெண்டு தரம் கீழே விழுந்தது. சேற்றில் தடவி எடுத்தேன். வின்ச்சைச் சுற்றச் சுற்ற டவர் எழுந்தது. கீல் ஒரு சின்னச் சத்தம்கூடப் போடவில்லை.

நர்ஸம்மா பேட்டரியை மாட்டி மைக்கை எடுத்தார். பேசினார். விட்டார். வெறும் இரைச்சல். மறுபடி பேசினார். இரைச்சல். அவர் முதுகு விறைத்துக்கொண்டு வருவதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடவை ஒரு வயசான குரல் வந்தது. எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை, நாக்பூர். நர்ஸம்மா நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னார். ஊர் எது, அவள் நிலைமை என்ன, திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் வழியாகத்தான் வர வேண்டும், மரக்காணத்துக்குத் தெற்கே ரெண்டு இடத்தில் மரம் கிடக்கிறது, அறுக்க ஆள் கூட வர வேண்டும். அந்தப் பெரியவர் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். அங்கிருந்து கலெக்டர் ஆபீஸுக்குப் போன் போட்டிருக்கிறார், அவர்கள் திண்டிவனத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிற திண்டிவனத்துக்குச் சேதி நாக்பூர் போய் வந்தது.

ரோட்டில் தண்ணீரும் கொஞ்சம் வடிந்திருந்தது. உச்சிப்பொழுதுக்கு முன்னால் மரம் அறுக்கிற ஆட்களோடு ஒரு லாரியும், அதன் பின்னால் ஆம்புலன்ஸும் வந்து நின்றன. நர்ஸம்மாவும் கூட ஏறினார். என் மனைவியும் ஏறினாள். கதவைச் சாத்தும்முன் என்னிடம் சொன்னார்: “ரேடியோவ அணைக்காத. மைக்கத் தொடாத. லைசென்ஸ் இல்லாம தொட்டன்னா கைய ஒடச்சிடுவேன்.”

அந்த ரேடியோ முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். அரைமணிக்கு ஒருதரம் நாக்பூர் பெரியவர் கூப்பிட்டார். மரக்காணம், மரக்காணம் என்பார். அப்புறம், பேபி என்று கேட்பது மாதிரி இழுப்பார். எனக்கும் தெரியாதே ஐயா! மைக்கைப் பார்ப்பேன், கையைக் கட்டிக்கொள்வேன். அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு நிறுத்துவார். அப்படி எத்தனை தரம்.

நாலு மணிக்கு, ஆம்புலன்ஸோடு துணைக்குப் போயிருந்த லாரி திரும்பி வந்தது. டிரைவர் இறங்காமலேயே கத்தினார். பெண் குழந்தை. ஆபரேஷன் ஆயிற்று. ரெண்டு பேரும் சவுக்கியம்.

நான் மைக்கை எடுத்துவிட்டேன். கை போனால் போகட்டும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தத்தையும் திரட்டி, “ஹலோ சார், மரக்காணம். பேபி கேர்ள். மதர் குட். பேபி குட். தேங்க்யூ சார்” என்றேன்.

பட்டனை விட்டேன். நாக்பூர் பெரியவர் ஏதோ சொல்லிச் சிரித்தார், குரல் உடைந்தது. அவர் முடிக்கும்முன் இன்னொரு குரல். கொல்கத்தா. அப்புறம் ஒரு பெண் குரல், ஹைதராபாத். கொச்சி. குவாலியர். பேர் தெரியாத ஊர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. நடுவில் தமிழ்.

“கோயமுத்தூருங்க. காத்தால இருந்து கேட்டுட்டேதான் இருக்கோம். குறுக்க பேசக்கூடாதுன்னு எல்லாரும் வாய மூடிட்டு இருந்தோமுங்க. ரொம்ப சந்தோசமுங்க.”

இரைச்சல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த இடம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். நான் சத்தம் போட்டு அழுதேன். மேஸ்திரி என்னைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் பொழுது சாயும்போது நர்ஸம்மா திரும்பி வந்தார். ரெண்டு நாளாகத் தூங்காத கண். என்னைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

“மைக்கத் தொட்டியா?”

“தொட்டேன் நர்ஸம்மா.”

திட்டப் போகிறார் என்று நின்றேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“என்னா சொன்ன?”

சொன்னேன்.

“பதில் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“எவ்ளோ நேரம் கழிச்சு?”

“எங்க கழிச்சு? பட்டன்ல இருந்து கைய எடுக்கறதுக்குள்ள வந்துச்சு. ஒரு ஊரு ரெண்டு ஊரு இல்லீங்க, நிக்கவே இல்ல.”

“உடனேவா?”

“உடனே.”

நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டார். புடவையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. “இன்னொரு தடவ சொல்லு” என்றார்.

நான் முதலிலிருந்து, ஒவ்வொரு ஊராகச் சொன்னேன்.